சர்ரேக்குச் சொந்த ஸ்பின்னர் எப்போது?

வாக்ஸ்ஹால்வாசி · 28 செப்டம்பர் 2025

இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப் கிரிக்கெட் சீசன் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் நம் சர்ரே அணி சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்‌ஷயருக்கு 181 இலக்கு வைத்து 160-க்குச் சுருட்டிவிட்டோம். இந்திய லெக் ஸ்பின்னர் ராகுல் சாஹர் 51 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டு இன்னிங்ஸும் சேர்த்துப் பத்து. சர்ரேக்காக முதல் ஆட்டத்தில் இப்படி யாரும் வீசியதில்லை. 1859-ல் வில்லியம் மார்ட்லாக் எடுத்த 7 விக்கெட்தான் அதுவரை சாதனையாக இருந்ததாம். 166 வருஷம்!

சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இந்த வெற்றி 20 ரன்னில். பத்து நாளுக்கு முன்னால் நம் சொந்த மைதானமான ஓவலில் நாட்டிங்காம்‌ஷயரிடம் தோற்றதும் அதே 20 ரன்னில். 315 துரத்தினோம், ஜோஷ் டங் ஐந்து விக்கெட் எடுத்தார். கோப்பை நாட்டிங்காமுக்கு, இரண்டாம் இடம் நமக்கு. 2022, 2023, 2024 என்று மூன்று வருஷம் வரிசையாக வென்ற அணிக்கு நான்காவதும் வந்திருக்கும்.

என் கேள்வி ஒன்றுதான். சாஹர் ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தவர். ஜூலையில் சாய் கிஷோர் இரண்டு ஆட்டத்துக்கு வந்தார். 2021-ல் அஷ்வின் ஒரு ஆட்டத்துக்கு. வீட்டில் விசேஷம் என்றால் பந்தல் வாடகைக்கு எடுப்பதுபோல ஸ்பின்னரை எடுக்கிறோம். இங்கிலாந்திலேயே பணக்கார கவுண்டி, ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள ஒரு ஸ்பின்னரை வளர்க்க முடியாதா?

ரூட்டிங் பெடியன்

அண்ணை, முதல்ல சாஹர் போட்ட கூக்லியை ஒருக்கா வடிவாய்ப் பார்த்து ரசியுங்கோ. அழுகிறதுக்குக் குளிர்காலம் முழுக்கக் கிடக்கு.

நான் வேலையில் இருந்து ஃபோனில்தான் பார்த்தேன். அந்த ஒற்றைக் கமெரா ஒளிபரப்பில் பந்து திரும்பினதே தெரியவில்லை, ஸ்லிப்பில் நிக்கிறவரின் கை மேலே போனதை வைத்துத்தான் விக்கெற் என்று விளங்கினது. இந்த வருசம் ஐபிஎல்லில் ஹைதராபாத் அந்தாளைப் பெரும்பாலும் வாங்கிலில்தானே இருத்தி வைத்தது. இங்கே வந்து ஒரு கிழமையில் சரித்திரம்.

ஃபிளாஸ்க் ஐயா

தம்பி வாக்ஸ்ஹால், பந்தல் உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1952 முதல் 1958 வரை ஏழு வருஷம் தொடர்ந்து சர்ரே சாம்பியன். அந்த அணியின் ஸ்பின் ஜோடி ஜிம் லேக்கரும் டோனி லாக்கும். லாக் உள்ளூர்க்காரர், லிம்ப்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். லேக்கர் எந்த ஊர்? யார்க்‌ஷயர். போருக்குப் பிறகு லண்டனில் தங்கிவிட்ட மனிதரை நாம் பிடித்துப் போட்டோம். 1956 மே மாதம் ஓவலில் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகச் சர்ரேக்காக ஒரே இன்னிங்ஸில் 88 ரன்னுக்குப் பத்து விக்கெட்டும் எடுத்தார். 1912-க்குப் பிறகு ஆஸ்திரேலியரை ஒரு கவுண்டி வென்றது அப்போதுதான்.

அப்புறம் 1999, 2000, 2002 கோப்பைகள். சக்லைன் முஷ்டாக் 1999-ல் ஏழே ஆட்டத்தில் 58 விக்கெட். கூட இயன் சாலிஸ்பரி. பிற்பாடு ஹர்பஜன், கும்ப்ளே. வெளியிலிருந்து ஸ்பின்னர் வருவது சர்ரேயில் பழைய பழக்கம். வந்தவர்கள் சில வருஷம் இருந்தார்கள், இப்போது வந்த பெட்டியைப் பிரிப்பதற்குள் கிளம்புகிறார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

சிவப்பு ரோசா

லங்காஷயர்க்காரன் உள்ளே வரலாமா?

லேக்கர் பெயரை எடுத்தீர்களே, அதே 1956-ல் டெஸ்டில் 90 ரன்னுக்கு 19 விக்கெட் எடுத்தது எங்கள் ஓல்ட் டிராஃபோர்டில். மண் எங்களுடையது. அப்புறம் வாடகை ஸ்பின்னர் என்று எங்களிடம் பேசாதீர்கள், எங்களிடம் வந்தது முத்தையா முரளிதரன்.

வாக்ஸ்ஹால்வாசி

இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டு பேச்சைப் பாருங்கள். :)

சிவப்பு ரோசா

வலிக்கிற இடத்தில் அடிக்கிறீர்கள். போகட்டும். நாற்பத்து மூன்று வயதில் ஆண்டர்சன் இன்னும் எங்களுக்கு வீசுகிறார், அதைப் பார்த்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறோம்.

மயிலாப்பூர் மிட்ஆன்

சென்னையிலிருந்து யூடியூபில் மட்டும் பார்க்கிறவன் நான், ஓவலுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அஷ்வின் ஆடிய அந்த ஒரு ஆட்டத்தைப் பந்து பந்தாகப் பார்த்தேன். 2021 ஜூலை, எதிரில் சாமர்செட். புதுப் பந்தை அவர் கையில் கொடுத்தார்கள். கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஆட்டத்தின் முதல் ஓவரை ஒரு ஸ்பின்னர் வீசி 11 வருஷம் ஆகியிருந்ததாம். முதல் இன்னிங்ஸில் 43 ஓவர், 99 ரன், ஒரே விக்கெட். வீட்டில் அப்பா, “இதுக்கா லண்டன் போனான்?” என்றார். இரண்டாவது இன்னிங்ஸில் 15 ஓவரில் 27 ரன்னுக்கு 6. சாமர்செட் 69 ஆல் அவுட். அப்பா வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அந்தக் கோடையில் இங்கிலாந்துடன் ஆடிய நான்கு டெஸ்டிலும் அவருக்கு இந்திய அணியில் இடம் இல்லை. ஓவல் டெஸ்டிலும் இல்லை. அதே மைதானத்தில் 6 விக்கெட் எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சாய் கிஷோர் விஷயத்தில் மட்டும் வாக்ஸ்ஹால் சாரோடு நான் உடன்படவில்லை. திருப்பூருக்கு டிஎன்பிஎல் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு வந்து ஸ்கார்பரோவில் கடல் காற்றில் வீசினார். அடுத்து டர்ஹமில் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், ஆட்டத்தையும் ஜெயித்தோம். இரண்டு வாரம் என்றாலும் அவருக்கும் லாபம், சர்ரேக்கும் லாபம். வாடகை என்று ஏன் கேவலமாகப் பேச வேண்டும்?

வாக்ஸ்ஹால்வாசி

மயிலாப்பூர், சாய் கிஷோரை நான் குறை சொல்லவே இல்லை. அவர் ஏன் தேவைப்பட்டார் என்று பாருங்கள். ஜூன், ஜூலையில் நான்கு சுற்றுக்கு வழக்கமான ட்யூக்ஸ் பந்தை எடுத்துவிட்டுக் குக்கபரா பந்து கொடுத்தார்கள். தையல் சீக்கிரம் படுத்துவிடும், பந்து மெத்தென்று ஆகிவிடும், வேகப்பந்துக்காரர்கள் முதுகு ஒடிய வீசினாலும் ஒன்றும் நடக்காது. அந்தச் சுற்றில் ஒன்றில்தான் ஓவலில் டர்ஹமுக்கு எதிராக நாம் 9 விக்கெட்டுக்கு 820 அடித்து டிக்ளேர் செய்தது. சிப்லி 305, லாரன்ஸ் 178, ஜாக்ஸ் 119, சாம் கரன் 108. 1899-ன் 811-ஐத் தாண்டிச் சர்ரேயின் மிகப் பெரிய ஸ்கோர்.

நான் இரண்டாம் நாள் பார்க்க வந்தேன். உச்சி வெயில். என் பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைத் தலைக்கு மேல் கூரைபோல வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார், எழுந்து பார்த்தபோதும் சிப்லியே ஆடிக்கொண்டிருந்தார். ஆள் அசரவே இல்லை.

820 அடித்தும் ஆட்டம் டிரா. எதிரணியை இரண்டு முறை ஆல் அவுட் செய்ய ஆள் இல்லை. அந்த ஆட்டத்தில் ஒரு நல்ல ஸ்பின்னர் இருந்து ஜெயித்திருந்தால்? செப்டம்பரில் நாட்டிங்காமிடம் தோற்றும் கோப்பைக்குப் போட்டி போட்டிருக்கலாம். எனக்கு இந்த வருஷம் நழுவிய இடம் அதுதான். எல்லோரும் அந்த 20 ரன்னையே பேசுகிறார்கள்.

ரூட்டிங் பெடியன்

இப்ப சொன்னீங்கள் பாருங்கோ, அது கதை. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணை, வளர்க்கவில்லை என்று சொல்ல ஏலாது. வளர்த்துப்போட்டு விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பத்துகிறது. 2018 கோப்பையை மோர்னி மோர்கலும் ரோரி பர்ன்ஸும் வாங்கித் தந்ததாகத்தான் எல்லாரும் எழுதினார்கள். அமர் விர்தி என்ற இருபது வயதுப் பெடியன் அந்த சீசனில் 39 விக்கெற் எடுத்தது ஞாபகம் இருக்கோ? அப்புறம் வரவர அவனுக்கு இடமில்லாமல் போனது. டான் மோரியார்ட்டி, இடக்கை, யார்க்‌ஷயருக்குப் போனான். 2024 ஏப்ரலில் குக்கபரா பந்தில் கமரன் ஸ்டீல் லெக் ஸ்பின் போட்டு விக்கெற்றாய் அள்ளினான். கோடை முடியுமுன்னம் ஹாம்ப்‌ஷயருக்கு இரவல்.

எல்லாத்தையும்விடப் பெரிய கதை சோயிப் பஷீர். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் இருந்து பதினேழு வரைக்கும் சர்ரேயின் பெடியன். வேண்டாம் என்று அனுப்பினார்கள். சாமர்செட் எடுத்தது. அங்கே சும்மா கொஞ்ச ஆட்டம் ஆட, இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ற், முதல் விக்கெற் ரோஹித் சர்மா. இந்த ஜூலையில் லோர்ட்ஸில் உடைந்த விரலோடு வந்து சிராஜை விழுத்தி ஆட்டத்தை முடித்தது யார்? எங்கட கைவிட்ட பெடியன்.

ஃபிளாஸ்க் ஐயா

பஷீர் விஷயத்தில் நியாயமாகவும் பேச வேண்டும். பதினேழு வயதில் ஆறடிக்கு மேல் வளர்ந்து நிற்கிற ஒரு ஆஃப் ஸ்பின்னர் பின்னாளில் எப்படி வருவான் என்று யாருக்குத் தெரியும்? சாமர்செட்டுக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் டான்டன் பிட்ச் திரும்பும், அங்கே ஸ்பின்னருக்கு வேலை உண்டு, எடுத்துப் பார்த்தார்கள். ஓவலில் அந்த வேலையே இல்லை.

பந்து எகிறும் பிட்ச், நான்கு வேகப்பந்துக்காரர்கள், பத்தாவது ஆள் வரை பேட் பிடிப்பான். வொரல், கிளார்க், லாஸ், கிடைத்தால் அட்கின்சன். மூன்று கோப்பை இந்தச் சமையலில்தான் வந்தது. சமையல்காரரிடம் போய் ‘ஏன் புளி சேர்க்கவில்லை’ என்றால், ‘சாப்பிட்டுவிட்டுத்தானே கேட்கிறாய்’ என்பார்.

மயிலாப்பூர் மிட்ஆன்

ஓவல் பிட்ச் என்றதும் ஞாபகம் வருகிறது, ஜூலை கடைசியில் இங்கிலாந்து-இந்தியா ஓவல் டெஸ்டுக்கு முன்னால் இந்தியப் பயிற்சியாளர் கம்பீரும் பிட்ச் பராமரிப்பாளர் லீ ஃபோர்டிஸும் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்களே! இரண்டரை மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்றாராம். எங்கள் தெருவில் மார்கழிக் கோலத்தைக் காவல் காக்கிற மாமியும் அப்படித்தான், யாரும் கிட்டே வரக் கூடாது.

ரூட்டிங் பெடியன்

அந்த டெஸ்ற்றின் கடைசி நாள் நான் உள்ளே இருந்தேன்! இங்கிலாந்தின் வோக்ஸ் அடிபட்ட கையைத் தூளியில் கட்டிக்கொண்டு இறங்கினபோது இந்திய ஆட்களும் எழும்பிக் கை தட்டினார்கள். சிராஜின் யோர்க்கரில் போல்ட் ஆனது எங்கட அட்கின்சன். ஆறு ரன்னில் இந்தியா வென்றது. எந்தப் பக்கம் அழுகிறது என்று தெரியாமல் இருந்தேன்.

ஃபிளாஸ்க் ஐயா

நான் அந்த டெஸ்டின் இரண்டாம் நாளுக்கு மட்டும் போனேன். மறைந்த நம் சர்ரே வீரர் கிரகாம் தோர்ப் நினைவு நாளாக வைத்திருந்தார்கள். மைதானம் முழுக்க அவர் கட்டியதுபோல நெற்றியில் வெள்ளைப் பட்டி. நானும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன், இந்த வயதில். இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது.

நெட்ஸ் அப்பா

இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதலாம் என்று தோன்றியது. என் பையனுக்குப் பதின்மூன்று வயது. லெக் ஸ்பின். குரோய்டன் பக்கம் ஒரு கிளப்பில் ஆடுகிறான்.

ஐயா சொன்ன சமையல் கீழே வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சின்னப் பசங்க ஆட்டத்தில் பவுண்டரி கிட்டக்க. லெக் ஸ்பின்னர் ஒரு பந்தைக் குட்டையாகப் போட்டால் சிக்ஸ். ஒரு சிக்ஸ் போனதும் கேப்டன் பையன் கோச்சைப் பார்ப்பான், கோச் தலையை ஆட்டுவார், அடுத்த ஓவர் வேகப்பந்து. இவன் டீப் மிட்விக்கெட்டுக்குப் போய் நிற்பான். ஏப்ரல், மே மாதத்தில் பச்சை பிட்ச், ஈரப் பந்து, விரல் விறைத்துப்போகிறது. சட்டைப் பையில் சூடாக்கும் பொட்டலம் வைத்து அனுப்புகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு கவுண்டியின் வயதுப் பிரிவுத் தேர்வுக்குக் கூட்டிப்போனேன், எது என்று வேண்டாம். இண்டோர் நெட்ஸ், அந்தப் பச்சைப் பாய். பாயில் ஸ்பின் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். பன்னிரண்டு பந்து போட விட்டார்கள், நான் எண்ணினேன். எட்டாவது பந்து மட்டும் அவன் கையிலிருந்து கிளம்பும்போதே விர்ரென்று சத்தம் கேட்டது, பேட் பிடித்தவன் முன்காலைப் போட்டுவிட்டு ஏமாந்து நின்றான். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் அப்போது பக்கத்து நெட்டில் வேகம் அளக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல். ‘தொடர்ந்து முயற்சி செய்யவும்.’

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பந்தைத் தொடவில்லை, மூன்றாம் நாள் மாடிப்படியில் ஆரஞ்சுப் பழத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

வாக்ஸ்ஹால்வாசி

எட்டாவது பந்தை நீங்கள் பார்த்தீர்கள், அதுவே போதும் என்று சும்மா ஆறுதல் சொல்ல மாட்டேன். அவர் பார்த்திருக்க வேண்டும். தம்பியை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டிங் பெடியன்

நெட்ஸ் அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட தமிழ் லீக் ஆட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அங்கே பெரியாட்கள் ஸ்பின்னுக்கு எதிராய் நல்லாய் ஆடுவார்கள், பெடியனுக்கு அடி விழும், ஆனால் ஒருத்தரும் பந்தைப் பறிக்க மாட்டார்கள். என்ர மாமா நாற்பது வருசமாய் ஒரே ஆஃப் ஸ்பின்தான் போடுகிறார், இன்னும் திரும்பவில்லை. அவரையே வைத்திருக்கிறோம்.

சிவப்பு ரோசா

மாமாவை லங்காஷயருக்கு அனுப்புங்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

ஃபிளாஸ்க் ஐயா

நெட்ஸ் அப்பா சொன்ன ஏப்ரல், மே விஷயம் மேலேயும் அப்படியே. பதினான்கு ஆட்டத்தில் பாதி குளிரில் போகிறது. மிச்சம் ஜூன், ஜூலை, செப்டம்பர். பிட்ச் காய்ந்து திரும்பக் கூடிய ஆகஸ்ட் மாதம் நூறு பந்து ஆட்டமான ஹண்ட்ரட் போட்டிக்கு. ஆட்ட எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிக் கவுண்டிகள் இந்த மாதம் ஓட்டுப் போட்டு, கடைசியில் பதினான்கே இருக்கட்டும் என்று விட்டார்கள். நல்லது. ஆனால் எண்ணிக்கைக்கு அடித்துக்கொண்டவர்கள் மாதத்தைப் பற்றிப் பேசவில்லை. நாட்காட்டியை மாற்றாமல் ஸ்பின்னர் கேட்பது, தை மாதத்தில் மாம்பழம் கேட்கிற கதை.

வாக்ஸ்ஹால்வாசி

ஹண்ட்ரட் பற்றிப் பேசினால் இழை வேறு பக்கம் போய்விடும். அதில் ஆடும் நம் ஓவல் இன்வின்சிபிள்ஸ் அணி மூன்றாவது வருஷமும் ஜெயித்தது, 49 சதவீதம் அம்பானி வீட்டுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு துளி, மூடிய கூடாரத்துக்குள் திரும்புகிற மாதிரி நாலு மண் பிட்ச் போட்டால்கூட நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஆஸ்திரேலியாவில் ஆடப்போகும் ஆஷஸ் தொடருக்கான இங்கிலாந்து அணியைப் பார்த்தீர்களா? நம் ஆட்கள் நாலு பேர். போப், ஸ்மித், அட்கின்சன், ஜாக்ஸ். போப்பிடமிருந்து துணை கேப்டன் பொறுப்பைப் பிடுங்கி ப்ரூக்குக்குக் கொடுத்துவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல். ஜாக்ஸை எதற்கு எடுத்தார்கள்? பஷீருக்குத் துணை ஸ்பின்னராக! 2022-ல் ராவல்பிண்டியில் முதல் டெஸ்டிலேயே ஆறு விக்கெட் எடுத்தார், உண்மை. அந்தப் பாகிஸ்தான் பயணத்துக்குப் பிறகு டெஸ்டே இல்லை. சர்ரேக்கும் அவர் பேட்ஸ்மேன், நடுவில் பத்து ஓவர் போடுகிறவர். ஆக, ஆஸ்திரேலியா போகும் இரண்டு ஸ்பின்னரில் ஒருவர் நாம் துரத்திவிட்டவர், இன்னொருவர் நாம் பாதி நேரம் பந்தே கொடுக்காதவர்.

மயிலாப்பூர் மிட்ஆன்

இதைத் தலைப்பாக வைத்திருக்கலாமே சார்!

ரூட்டிங் பெடியன்

ஃபோக்ஸ் என்று ஒருத்தர் இருக்கிறார், உலகத்திலேயே ஸ்பின்னுக்கு ஸ்ரம்புக்குக் கிட்ட நின்று இவ்வளவு சுத்தமாய்ப் பிடிக்கிற கீப்பர். அவருக்குப் பிடிக்கிறதுக்கு ஸ்பின்னரே இல்லை. சமையல் தெரிந்தவர் வீட்டில் அடுப்பு இல்லாத மாதிரி. 2023-ல் கேன்டர்பரியில் 501 துரத்தினபோது 124 அடித்தாரே, அந்தாளுக்காகவாவது ஒரு ஸ்பின்னர் வாங்கிக் கொடுங்கோ.

சங்கக்கார இருந்த காலம் வேறு. 2017-ல் 1491 ரன், எட்டுச் சதம், அதில் ஐந்து வரிசையாய். நான் யாழ்ப்பாணத்துப் பெடியன், இலங்கை அணி என்றால் மனசில் நூறு கணக்கு ஓடும். ஆனால் அந்த மனிசன் கவர் டிரைவ் அடித்தால் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

நெட்ஸ் அப்பா

சாஹரின் எட்டு விக்கெட் காணொளியைப் பையனுக்குக் காட்டினேன். நான்கு முறை பார்த்தான். விக்கெட்டைப் பார்க்கவில்லை, பந்து கையை விட்டுப் போகும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி மணிக்கட்டைப் பார்த்தான். “அப்பா, அடுத்த வருஷமும் இவர் சர்ரேக்கு ஆடுவாரா?” என்றான். ஒரு ஆட்டத்துக்குத்தான் வந்தார் என்றேன். “எட்டு எடுத்துமா?” என்றான்.

வாக்ஸ்ஹால்வாசி

அந்தக் கேள்வியை அப்படியே கிளப்புக்கு எழுதி அனுப்பலாம் போலிருக்கிறது.

இத்தனை திட்டிவிட்டு, மெம்பர்ஷிப்பை இன்று காலை புதுப்பித்துவிட்டேன். ஏப்ரலில் முதல் ஓவல் ஆட்டத்துக்கு யார் யார் வருகிறீர்கள்? நெட்ஸ் அப்பா, பையனைக் கூட்டி வாருங்கள். கிளாப்ஹாம் ஜங்‌ஷனில் மாறி வாக்ஸ்ஹாலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்.

ஃபிளாஸ்க் ஐயா

தேநீர் என் பொறுப்பு. ரூட்டிங் தம்பி, நீ நார்தர்ன் லைனில் நேரே ஓவலில் இறங்குகிறவன், வரும்போது பிராட்வேயில் வடை வாங்கி வா. போன முறை மாதிரி வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டு வராதே.

ரூட்டிங் பெடியன்

ஐயா, அது பாதி இல்லை. மூன்றே மூன்று.